காட்டாறும் நடைப்பாலமும்

பெங்களூருவிலிருந்து கனகபுரா வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் சென்றால், அர்க்காவதி நதி காவிரியுடன் கலக்கும் சங்கமம் வரும். அங்கிருந்து ஆற்றோரமாக இன்னும் சில கிலோமீட்டர் சென்றால் மேகேதாட்டு. அணை விவகாரத்தால் இந்தப் பெயர் நாளிதழ்களில் அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் பெயரின் பொருளை எத்தனை பேர் கவனித்திருப்போம்? கன்னடத்தில் ‘மேகெ’ என்றால் ஆடு. ‘தாட்டு’ என்பது நமது ‘தாண்டு’ தான். அகலமாக வரும் காவிரி, அந்த இடத்தில் பாறை இடுக்கில் மிகவும் குறுகி ஓடுகிறது. ஓர் ஆடு தாண்டிவிடும் என்னும் அளவுக்கு. தமிழில் அதே இடத்தை ‘ஆடு தாண்டு காவேரி’ என்பார்கள். இரண்டு மொழிகளிலும் அந்த இடத்துக்குப் பெயர் வைத்தவர்களின் மனத்தில் இருந்தது ஒரே கேள்வி: இந்த ஆற்றை எங்கே கடக்கலாம்?

மலைப் பாதையில் நடப்பவர்களுக்கு ஏற்றம் பெரிய ஆபத்து அல்ல. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து கொள்ளலாம். குறுக்கே ஓடும் நீர்தான் ஆபத்து. இன்று நமது பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் சனி, ஞாயிறு வந்தால் முதுகுப் பையுடன் ‘ட்ரெக்கிங்’ கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் காலடியில் உள்ள நடைப்பாலங்களுக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதைப் பற்றி நான் படித்ததையும், பணிக்காலத்தில் மலைநாட்டு மாவட்டங்களில் சுற்றியபோது பார்த்ததையும் அன்பர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிசலும் கற்பாலமும்

பாலம் இல்லாத காலத்தில் நமது தென்னாட்டு நதிகளில் பரிசல்தான் துணை. கி.பி. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசிய யாத்ரீகர் டோமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடந்து ஆனெகுந்திக்குச் செல்வதை விவரித்திருக்கிறார். கூடை போல வட்டமான படகு. உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேர் ஏறலாம். ஓடும்போது சுற்றிக்கொண்டே போகும் என்கிறார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒகேனக்கலிலும் ஹம்பியிலும் நாம் ஏறுவது அதே பரிசல்தான். தோல் போய் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்ததுதான் வித்தியாசம்.

பரிசலுக்கு ஒரு குறை உண்டு. ஆறு அமைதியாக இருக்கும்போது அது போகும். அவசரம் நேரும்போது, அதாவது மழைக்காலத்தில், அது போகாது. ஆகவே அரசர்களும் திவான்களும் கற்பாலம் கட்டினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின் மீது திவான் பூர்ணய்யா காலத்தில் 1804-ல் முடிந்த வெல்லெஸ்லி பாலம் அப்படிப்பட்டது. ஆற்றுப் பாறையில் கற்றூண்களை நட்டு, மேலே கல் உத்தரங்களைப் பரப்பிய வேலை. சிவனசமுத்திரத்திலும் இதே முறையில் பாலங்கள் உண்டு. மைசூர் ரெசிடெண்டிடம் பணியாற்றிய ராமஸ்வாமி முதலியார் என்ற தமிழர், காடு மண்டிக் கிடந்த அந்தத் தீவைத் திருத்தி, பாலங்களையும் சீர்ப்படுத்தினார். அதற்காக அவருக்கு ‘ஜனோபகார காமகர்த்தர்’ என்ற பட்டமும் ஜாகீரும் கிடைத்தன. ஜனங்களுக்கு உபகாரமான காரியம் செய்தவர் என்று பொருள். பாலம் கட்டுவது எவ்வளவு பெரிய தர்மமாகக் கருதப்பட்டது என்பதற்கு இந்தப் பட்டமே சாட்சி.

காலுசங்க

அரசர்களின் பாலம் ராஜபாட்டைக்கு. மலைக் கிராமத்து ஒற்றையடிப் பாதைக்கு யார் கட்டுவார்கள்? ஊரார்தான். உடுப்பி, உத்தர கன்னட, சிவமொக்கா மாவட்டங்களின் உட்பகுதிகளில் ‘காலுசங்க’ என்று ஒன்றைப் பார்க்கலாம். ஓடையின் குறுக்கே இரண்டு மூன்று பாக்கு மரங்களை வெட்டிப் போட்டு, கைப்பிடிக்கு ஒரு கயிறோ மூங்கிலோ கட்டியிருப்பார்கள். அவ்வளவுதான் பாலம். வடமொழியில் ‘ஸங்க்ரமம்’ என்றால் கடத்தல். பாலத்துக்கும் அதுவே பெயர். ‘சங்க’ அதன் திரிபு. சூரியன் ஒரு ராசியிலிருந்து மற்றொன்றுக்குக் கடப்பதை ஸங்க்ராந்தி என்கிறோமே, அதே சொற்குடும்பம்.

பெயர் அழகாக இருக்கிறது; பாலம் அப்படி இல்லை. மழையில் பாக்கு மரம் பாசி பிடித்து வழுக்கும். கீழே சிவந்த வெள்ளம் ஓடும். 2022 ஆகஸ்டில் பைந்தூர் தாலுகாவில் பள்ளியிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காலுசங்கவிலிருந்து தவறி விழுந்து, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தாள். அதன் பிறகுதான் காலுசங்கங்களுக்குப் பதில் முறையான நடைப்பாலங்கள் வேண்டும் என்ற பேச்சு பத்திரிகைகளிலும் அரசு அலுவலகங்களிலும் பலமாக எழுந்தது.

அரசு அலுவலகங்களில் காலம் கழித்தவன் என்ற முறையில் இதன் காரணத்தைச் சொல்கிறேன். பெரிய பாலத்துக்குத் திட்டம் உண்டு, மதிப்பீடு உண்டு, வாகனக் கணக்கு உண்டு. ஐம்பது வீடுகளுக்கான நடைப்பாலத்தில் வாகனமே போகாது. ஆகவே கணக்கில் அது பூஜ்யம். ஓடை ஒரு இலாகாவுக்கு, கரை வனத்துறைக்கு, பாதை பஞ்சாயத்துக்கு. கோப்பு மூன்று மேஜைகளையும் சுற்றி வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

சுள்ளியாவில் பிறந்த வழி

இந்த இடைவெளியை நிரப்பியவர் தட்சிண கன்னட மாவட்டம் சுள்ளியாவைச் சேர்ந்த கிரீஷ் பாரத்வாஜ். மண்டியா பி.இ.எஸ். கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, சொந்த ஊரில் ஒரு பட்டறை வைத்திருந்தார். சுள்ளியாவுக்கு அருகில் அரம்பூர் என்ற கிராமத்தைப் பயஸ்வினி நதி பிரிக்கிறது. அந்த ஊரார் இவரிடம் வந்து, எப்படியாவது ஒரு பாலம் கட்டித் தாருங்கள் என்று கேட்டார்கள். பாலம் கட்டுவது சிவில் இன்ஜினியரிங். இவர் படித்ததோ இயந்திரங்கள். இருந்தும் புத்தகங்களைப் படித்து, கணக்குப் போட்டு, ஊராரின் உழைப்பையும் சேர்த்துக் கொண்டு, 1989-ல் அங்கே ஒரு தொங்குபாலம் அமைத்தார்.

அது முதல் பாலம். பிறகு கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா என்று நூற்றுக்கும் மேற்பட்ட நடைப்பாலங்கள் அவர் கையால் எழுந்தன. கான்கிரீட் பாலத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதி, வருடக்கணக்குக்குப் பதில் சில மாதங்களில் முடியும் வேலை. 2017-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மக்கள் கொடுத்த பட்டம் ‘சேது பந்து’. சேது என்றதும் நமக்கு ராமேஸ்வரமும் அணிலும் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கேயும் கல் சுமந்தவர்கள் அந்தந்த ஊர் ஜனங்களே.

நம் அன்பர்கள் பலர் குக்கே சுப்ரமண்யா சென்றிருப்பீர்கள். பல காலம் சுள்ளியா தாலுகாவில் இருந்த ஊர் அது. குமாரதாராவில் ஸ்நானம் செய்யும்போது அந்த நதியின் கோடைக்கால சாந்தத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். கடபா வழியில் ஹோஸ்மட்டா என்ற இடத்தில் இருந்த தாழ்ந்த பாலம், மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் முழுகிப் போவது வருடாந்தர வழக்கமாக இருந்தது. க்ஷேத்திரத்துக்கு மேலே 1,712 மீட்டர் உயரமுள்ள குமாரபர்வதம் இன்று பெங்களூரு இளைஞர்களின் பிரியமான நடை. குடகு மாவட்டத்துச் சோமவார்பேட்டைப் பக்கமிருந்து ஏறினால் வழியில் ஒரு சிறு தொங்குபாலத்தையும் கடக்க வேண்டும்.

தொங்குபாலத்தின் கணக்கு

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இதில் உள்ள தத்துவத்தைச் சிறிது சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் தண்ணீரின் பலம். ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. முழங்கால் அளவு நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் நம் கால்களைச் சுமார் 6 கிலோ எடை அளவுக்குத் தள்ளும், சமாளிக்கலாம். அதே ஆறு இடுப்பளவு உயர்ந்து, விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகம் பிடித்தால், விசை சுமார் 60 கிலோ. அதே சமயம் நீரின் மிதப்பு விசை நமது எடையைக் குறைத்துவிடுவதால் பாதம் தரையில் பிடிக்காது. ஒரு முழம் நீர் ஏறியதில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. ஆறு உருட்டிச் செல்லக் கூடிய கல்லின் எடையோ, வேகத்தின் ஆறாம் மடியைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் 64 மடங்கு கனமான கல் உருண்டு வரும். வெள்ளத்தின்போது காட்டாற்றில் தூண் நிற்காததற்கு இதுவே காரணம்.

தொங்குபாலம் ஆற்றுக்குள் தூணே வைப்பதில்லை. இரு கரைகளிலும் கோபுரம், அவற்றின் மேல் இரும்புக் கம்பிவடம், வடத்திலிருந்து தொங்கும் கம்பிகள், அவற்றில் நடைப்பலகை. வடத்தின் இரு முனைகளும் கரைக்குள் பெரிய கான்கிரீட் பாளத்தில் நங்கூரம் போலப் புதைந்திருக்கும். 60 மீட்டர் நீளப் பாலத்தில், மனிதர்களையும் சேர்த்து மீட்டருக்கு 300 கிலோ பாரம் என்று வைத்துக் கொள்வோம். வடம் நடுவில் 6 மீட்டர் தொய்ந்திருந்தால் அதில் கிடைமட்ட இழுவிசை மொத்தம் 22.5 டன். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டி, தொய்வை 3 மீட்டராகக் குறைத்தால் இழுவிசை 45 டன் ஆகிவிடும். துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஈரப் புடவை போட்டதும் அறுந்துவிடும் அல்லவா? அதே விதிதான்.

மற்றொன்று ஆட்டம். 1850-ல் பிரான்ஸ் நாட்டில் ஆஞ்சே நகரத்துத் தொங்குபாலத்தில், புயற்காற்றில் படைவீரர்கள் சென்றபோது பாலம் அறுந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலத்தில் கால் மாற்றி நடக்க வேண்டும் என்பது ராணுவ விதி. நவீன காலமும் விலக்கல்ல. லண்டனில் 2000 ஜூனில் திறந்த மில்லேனியம் நடைப்பாலம், ஜனங்கள் நடந்தபோது பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டு, 2002-ல்தான் மறுபடி திறக்கப்பட்டது.

மற்ற மலைகளில்

மேகாலயத்தில் காசி மக்கள் பாலத்தைக் கட்டுவதில்லை, வளர்க்கிறார்கள். ரப்பர் அத்தி மரத்தின் விழுதுகளை, குடைந்த பாக்கு மரத்தண்டின் வழியாக எதிர்க் கரைக்குக் கொண்டு போய் ஊன்றச் செய்கிறார்கள். நடக்கத் தகுதியாவதற்குப் பதினைந்து, இருபது வருடங்கள் ஆகும். அதன் பின் வருடா வருடம் வலுவாகிக் கொண்டே போகும். தாத்தா நட்டதில் பேரன் நடப்பான். ஹென்றி யூல் என்ற ஆங்கில அதிகாரி 1844-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ரிஷிகேசத்தில் பத்ரி யாத்திரைக்காரர்கள் ஒரு காலத்தில் கயிற்றுப் பாலத்தில் கங்கையைக் கடந்தார்கள். 1889-ல் கல்கத்தா தனவந்தர் சூரஜ்மல் செலவில் இரும்பு வடப் பாலம் வந்தது. 1924 வெள்ளம் அதைக் கொண்டு போயிற்று. 1930 ஏப்ரலில் திறந்த லக்ஷ்மண் ஜூலா அதன் பின் ஏறத்தாழ தொண்ணூறு வருடங்கள் உழைத்தது. இனி பாதுகாப்பில்லை என்று நிபுணர்கள் சொன்னதன் பேரில் 2019 ஜூலையில் அதை மூடினார்கள்.

பக்கத்தில் நேபாளம். 1950-களில் அந்நாடு முழுவதும் கால்நடையாகச் சுற்றிய ஸ்விட்சர்லாந்து நாட்டு நிலவியல் அறிஞர் டோனி ஹாகன், மலைவாசிகளிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, கிடைத்த பதிலில் பாலங்களே முன்னால் நின்றன. 1964-ல் அரசு தொங்குபாலங்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. ஸ்விஸ் உதவியும் உள்ளூர் மக்களின் உழைப்பும் சேர்ந்து, இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நடைப்பாலங்கள் அங்கே உள்ளன. நடைப்பாலத்துக்கென்று ஒரு மேஜை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

கட்டினால் போதுமா?

போதாது. குஜராத்தில் மோர்பி நகரத்தின் தொங்குபாலம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழுது பார்த்துத் திறந்து நான்கே நாட்களில், 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து, 135 பேர் உயிரிழந்தார்கள். விசாரணைக் குழு பார்த்தபோது, ஒரு பிரதான வடத்தின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தது தெரிந்தது. துரு பண்டிகைக் கூட்டத்தன்று வரவில்லை. பல வருடங்களாக இருந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

இந்தச் சோகம் நடந்த சில நாட்களிலேயே நமது மாநிலத்தில் ஒரு காரியம் நடந்தது. உத்தர கன்னட மாவட்டம் எல்லாபுராவுக்கு அருகில் சிவபுரா தொங்குபாலத்தில் சுற்றுலா வந்தவர்கள் காரையே ஓட்டிக் கொண்டு போனார்கள். ஊரார் ஆட்சேபித்து, பின்னாலேயே திருப்பி அனுப்பினார்கள். கூச்சலிட்டவர்களுக்குத் தெரிந்தது, வந்தவர்களுக்குத் தெரியவில்லை: அந்தப் பாலம் போனால் ஊருக்கு வேறு வழி கிடையாது. சுற்றுலா வருபவருக்கு அது ஊஞ்சல். அங்கே வசிப்பவருக்கு அது தெரு. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பிரசவ வேதனையில் இருக்கும் பெண் எல்லாம் அதன் வழியாகத்தான்.

பாலம் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. ஹம்பியில் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் பாலங்கள் கட்டத் தொடங்கியதால், யுனெஸ்கோ 1999-ல் அதை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்து, 2006-ல்தான் நீக்கியது. கட்டி முடியாத ஆனெகுந்திப் பாலம் 2009 ஜனவரியில் இடிந்து தொழிலாளர்கள் பலியானார்கள். அழகையும் பழமையையும் காக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கான விலையைக் கரையோர மக்கள் மட்டும் கொடுக்கக் கூடாது.

நடப்பவர்களுக்கு

2024 ஜனவரி இறுதியில் குமாரபர்வதத்தில் விடுமுறைக் கூட்டம் அலைமோதிய பிறகு, மலைநடைக்கு ஆன்லைன் முன்பதிவும் ஆள் கணக்கும் வந்துள்ளன. வரவேற்க வேண்டியது. ஆனால் ஆற்றைக் கடக்கும் விவேகத்தை முன்பதிவு தராது. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில:

கலங்கிய நீர், மிதந்து வரும் கிளை, கற்கள் உருளும் சத்தம் மூன்றில் எது இருந்தாலும் இறங்கக் கூடாது. மேலே மலையில் மழை என்றால் கீழே வெயிலடித்தாலும் வெள்ளம் வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை மறக்கலாகாது.

குறுகிய இடம் சுலபம் என்று தோன்றும். அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். அகலமாகப் பரந்து ஓடும் இடமே மேல். அருவிக்கு மேற்புறம் ஒருபோதும் கடக்கக் கூடாது.

இறங்கும் முன் பையின் மார்புப் பட்டையை அவிழ்த்து, தோள்பட்டையைத் தளர்த்திக் கொள்ள வேண்டும். விழுந்தால் பையை உடனே கழற்ற முடிய வேண்டும்.

தொங்குபாலத்தில் எத்தனை பேர் என்று பலகை இருந்தால் அத்தனை பேர்தான். குதிப்பதும் ஆட்டுவதும் கூடாது. எதிரே தலைச்சுமையோடு யாராவது வந்தால், அவர் கடந்த பிறகு நாம் ஏறலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காத்திருக்கத் தெரிய வேண்டும். மழையால் பெருகும் சிற்றோடை, மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும். திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இறங்கிப் போன உயிர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூஸிலாந்தில் ஆற்றில் மூழ்கி இறப்பது அவ்வளவு சாதாரணமாக இருந்ததால், அதற்கு ‘நியூஸிலாந்து மரணம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அங்கே இன்று மலைநடைக்காரர்களுக்கு ஆற்றைக் கடப்பது தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. நம் ஊர் மலைநடைக் குழுக்களும் இதைக் கற்றுத் தரலாம்.

இனி எங்காவது ஒரு நடைப்பாலத்தைக் கடக்க நேர்ந்தால், வடத்தில் துரு, கழன்ற நட்டு, உளுத்த பலகை ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பட்டால் ஒரு புகைப்படம் எடுத்து, அந்தக் கிராமப் பஞ்சாயத்துக்கும் தாசில்தாருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, இடம், என்ன பழுது, மூன்றும் இருந்தால் போதும். எழுத்தில் வந்த புகாருக்கு ஒரு கோப்பு எண் விழும். கோப்பு எண் விழுந்ததை யாரும் எளிதில் பார்க்காமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்ற நமக்கு நேரமும் இருக்கிறது, கடிதம் எழுதும் பழக்கமும் இருக்கிறது. இதுவும் ஜனோபகாரமான காரியமே.